வேட்டைத் துணைவனுக்கு நட்ட கல்

திருவண்ணாமலைக்குக் கார்த்திகைத் தீபத்தன்று வருகிறவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். 2,668 அடி உயரமுள்ள மலை. அதன் உச்சியில் தீபம். லட்சக்கணக்கான கண்கள் அந்த ஒரு சுடரின் மீதே நிலைத்திருக்கின்றன. மறுநாள் எல்லோரும் மூட்டையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறி ஊர் திரும்புகிறார்கள்.

அந்த பஸ்களில் சில, மேற்கே செங்கம் பக்கம் போகின்றன. சுமார் 35 கிலோமீட்டர் தூரம். அங்கிருந்து உள்ளே தள்ளியுள்ள கிராமங்களுக்குப் போனால், வயல் வரப்பிலோ, ஏரிக்கரையிலோ, மரத்தடியிலோ ஒரு பலகைக் கல் நிற்பதைப் பார்க்கலாம். கல்லில் ஓர் ஆள் செதுக்கப்பட்டிருப்பான். கையில் வில்லோ, வாளோ இருக்கும். மேலே வளைந்து நெளிந்த எழுத்துக்கள் இருக்கும். மஞ்சளும் குங்குமமும் எண்ணெய்ப் பிசுக்கும் அந்த எழுத்துக்களைப் பாதி மறைத்திருக்கும்.

வழியே போகும் பிரயாணி, "ஏதோ கிராமத்துச் சாமி" என்று எண்ணிக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

சாமிதான். ஆனால், முதலில் அவன் மனிதன். ஒரு நாள் காலையில் வீட்டிலிருந்து புறப்பட்டுப் போனவன். மாட்டு மந்தையோடு போயிருக்கலாம், வேட்டைக்குப் போயிருக்கலாம், ஊருக்குள் புகுந்த புலியை எதிர்த்துப் போயிருக்கலாம். போனவன் திரும்பவில்லை. அவனுக்காக அழுதவர்களும், அவனுடன் போய்விட்டு அவன் இல்லாமல் திரும்பியவர்களும் நட்ட கல் அது. நடுகல் என்று அதற்குப் பெயர்.

வேடியப்பன் யார்?

திருவண்ணாமலை, தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களில் வேடியப்பன் என்ற பெயரைக் கேட்காதவர்கள் இருக்க முடியாது. வேடியப்பன் கோயில் உண்டு. வேடியப்பனுக்குப் பொங்கல் வைப்பது உண்டு. பிள்ளைக்கு வேடியப்பன் என்று பெயர் வைப்பதும் உண்டு. அந்தப் பெயர் கொண்டவர்கள் இன்று ஆசிரியர்களாகவும், அதிகாரிகளாகவும், வக்கீல்களாகவும் இருக்கிறார்கள்.

வேடன் - அப்பன். வேட்டையாடியவனே அப்பனானான். இந்தப் பகுதியில் வேடியப்பன் என்று மக்கள் கும்பிடும் கற்களில் பல, அருகில் போய்ப் பார்த்தால் நடுகற்களாகவே இருக்கின்றன. ஆயிரம், ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பு உயிர் விட்ட ஒருவனின் நினைவுச் சின்னம், காலப்போக்கில் குலதெய்வம் ஆகிவிட்டது. அவனுடைய சொந்தப் பெயர் மறந்துபோயிற்று. எந்தச் சண்டையில் விழுந்தான் என்பதும் மறந்துபோயிற்று. "வேடன்" என்பது மட்டும் மக்களின் வாயில் நிலைத்துவிட்டது.

புலியோடு போராடி மாண்டவனுக்கு நட்ட கல்லைப் புலிகுத்திக் கல் என்பார்கள். காட்டுப் பன்றியோடு போராடி மாண்டவனுக்கு நட்டது பன்றிகுத்திக் கல். அந்தக் கற்களில் மனிதனும் மிருகமும் எதிரும் புதிருமாக நிற்பார்கள். மிருகத்தின் உடலில் ஈட்டி பாய்ந்திருக்கும். "இவன் இப்படித்தான் செத்தான். பயந்து ஓடிச் சாகவில்லை" என்று பின்னால் வருகிறவர்களுக்குச் சொல்வதற்காகவே அப்படிச் செதுக்கினார்கள்.

காட்டுக்குள்ளே ஒரு விருந்து

இந்தச் செங்கம் இன்று நேற்றுத் தோன்றிய ஊர் அல்ல. சங்க நூலான மலைபடுகடாம் பாடும் செங்கண்மா என்னும் ஊர் இதுவே என்று அறிஞர்கள் கூறுகிறார்கள். நன்னன் என்ற தலைவனின் ஊர் அது. அவனுடைய நவிர மலைதான் இன்றைய பர்வதமலை என்பார்கள். 583 அடிகள் கொண்ட அந்தப் பாட்டை இயற்றியவர் பெருங்கௌசிகனார்.

பரிசு பெறப் புறப்பட்ட கூத்தர்களுக்கு வழி சொல்லும் பாட்டு அது. எந்த இடத்தில் பாறை வழுக்கும், எந்த இடத்தில் பாம்பு இருக்கும், பன்றிக்காக வைத்த பொறி எங்கே இருக்கும் என்றெல்லாம் ஒன்று விடாமல் எச்சரிக்கிறது. வழியில் தங்குவதற்கு இடம் எது? வேட்டுவர்களின் குடியிருப்புத்தான். முன்பின் தெரியாதவர்கள் போய் நின்றாலும், அந்தக் குடிசைகளில் இறைச்சி கிடைக்கும். மூங்கில் குழாயில் முற்றிய கள் கிடைக்கும். நாய் துரத்திப் பிடித்த இரையின் கறியும் அந்த விருந்தில் உண்டு.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். காட்டில் எவனும் தனியாக வாழ முடியாது. ஒருவன் தடம் பார்ப்பான். இன்னொருவன் இரையைக் கலைப்பான். மூன்றாமவன் வில்லோடு காத்திருப்பான். பன்றி திரும்பிப் பாய்ந்தால், ஒருவன் உயிர் அடுத்தவன் கையில் இருக்கும். இரவில் ஒரே நெருப்பைச் சுற்றி அமர்ந்து, ஒரே இறைச்சியைப் பங்கிட்டுத் தின்பார்கள். இப்படிப் பல நாட்கள் பழகியவர்களில் ஒருவன் ஒரு நாள் இல்லாமல் போனால், மற்றவர்களுக்கு அந்தக் காடே வேறு காடாகத் தோன்றும் அல்லவா?

அந்த வெறுமைக்கு அவர்கள் கண்ட மருந்துதான் கல். கூத்தர்கள் போகும் அதே வழியில், பெயர் எழுதிய நடுகற்கள் நிற்பதையும் மலைபடுகடாம் சொல்கிறது. அவற்றுக்கு மரியாதை செய்துவிட்டுப் போகும்படியும் சொல்கிறது.

ஆறு படிகள்

கண்ட கல்லையெல்லாம் நட்டுவிட மாட்டார்கள். அதற்கு முறை இருந்தது. தொல்காப்பியம் ஆறு படிகளைக் குறிப்பிடுகிறது. முதலில் நல்ல கல்லைத் தேடிப் பார்ப்பது, அது காட்சி. அந்தக் கல்லைக் கொண்டுவருவது கால்கோள். நீரில் இட்டுத் தூய்மை செய்வது நீர்ப்படை. பிறகு நடுதல். அதன் பின் படையல் இட்டுச் சிறப்புச் செய்யும் பெரும்படை. கடைசியில் வாழ்த்து.

இறந்தவனுக்கு மயிற்பீலி சூட்டிக் கள் படைப்பார்கள். உயிரோடு இருந்தபோது அவன் எதை விரும்பினானோ, அதைத்தான் படைத்தார்கள். ஆகவே, இது பயந்து செய்த பூசை அல்ல. பழகிய பாசத்தால் செய்த உபசாரம்.

செங்கத்துக்கு அடுத்த தகடூர்தான் இன்றைய தர்மபுரி. அங்கே அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்டான். கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்தவன். அவன் போரில் மாண்டபோது ஔவை பாடிய இரங்கல் பாடல்கள் புறநானூற்றில் இருக்கின்றன. அவனோடு சேர்ந்து உண்டதையும் குடித்ததையும் நினைத்து நினைத்து அவர் மனம் உருகுகிறார். அவனுக்கு நடுகல் நட்டுப் பீலி சூட்டிக் கள் வார்க்கும் காட்சியும் அவற்றில் வருகிறது. மலை நாட்டையே கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளாத அந்த மானஸ்தன், ஒரு சிறு கலத்துக் கள்ளை வாங்கிக்கொள்வானா என்பது அவருடைய ஏக்கம்.

நட்பை இழந்தவர்களுக்கு இது புரியும். படைக்கும்போதே, "இனி இதை அவன் வாங்கிக்கொள்ளப் போவதில்லை" என்ற எண்ணமும் கூடவே வருகிறது. தெரிந்தும் படைக்கிறோம்.

எழுத்துள்ள நடுகற்களில் மிகப் பழையவை தேனி மாவட்டத்தில் கிடைத்தன. 2006-ல் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த கற்களில் தமிழ் பிராமி எழுத்துக்கள் இருக்கின்றன. அவை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை. அங்கும் மாடு கவர்ந்த சண்டையில் விழுந்தவனுக்குக் கல் இருக்கிறது.

ராஜா பெயரும், வேலைக்காரன் பெயரும்

செங்கத்துக் கற்கள் வெளி உலகுக்குத் தெரிந்தது, தமிழ்நாடு தொல்லியல் துறையின் முயற்சியால். 1961-ல் தொடங்கிய துறை அது. டாக்டர் இரா. நாகசாமி அதன் இயக்குநராக இருந்தபோது, செங்கம் வட்டாரத்தில் ஊர் ஊராகத் தேடி, கல் கல்லாகப் படியெடுத்தார்கள். "செங்கம் நடுகற்கள்" என்ற நூல் 1972-ல் வெளிவந்தது. பல்லவர் காலத்துக் கல்வெட்டுகள் கொத்தாகக் கிடைத்ததைக் கண்டு வரலாற்று ஆராய்ச்சியாளர்கள் வியந்தார்கள்.

இந்தக் கல்வெட்டுகள் மிகச் சுருக்கமானவை. முதலில் அரசன் பெயரும் ஆட்சி ஆண்டும் வரும். அடுத்து அந்தப் பகுதித் தலைவன் பெயர். பிறகு இறந்தவன் பெயர். எதற்காக இறந்தான் என்பது ஒரு வரி. "பட்டான் கல்" என்று முடிந்துவிடும். பட்டான் என்றால் மாண்டான்.

எழுத்து வட்டெழுத்து. மொழி, ஊரார் பேசிய மொழி. மகேந்திரவர்மன் என்று வடமொழியில் பெருமையோடு தன்னை அழைத்துக்கொண்ட பல்லவ மன்னனை, இந்தக் கற்கள் "மயீந்திர பருமர்" என்கின்றன. சிம்மவிஷ்ணுவைச் "சிங்கவிண்ண பருமர்" என்கின்றன. வாயில் நுழைந்தபடி சொன்னார்கள், சொன்னபடி வெட்டினார்கள்.

பெரிய கோயில்களில் ராஜாக்களின் பெயர் இருக்கிறது. தானம் கொடுத்த தனவந்தர்களின் பெயர் இருக்கிறது. மாடு மேய்த்தவன் பெயரை யார் எழுதி வைப்பார்கள்? செங்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். இங்கே ராஜாவின் பெயர் ஆண்டுக் கணக்குக்காக வருகிறது. மரியாதை முழுவதும் கீழே வரும் அந்தச் சாதாரண மனிதனுக்கே.

கோவிவன் என்றொரு நாய்

இந்தக் கற்களில் மிகவும் புகழ் பெற்றது, பழைய செங்கம் வட்டத்தைச் சேர்ந்த எடுத்தனூர்க் கல். மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சி ஆண்டில் நட்டது. ஏறக்குறைய 1,400 ஆண்டுகள் ஆகின்றன.

கல்லில் ஆயுதம் ஏந்திய வீரன் நிற்கிறான். அவன் பெயர் கருந்தேவக்கத்தி. வாணகோ அரைசர் குடும்பத்தைச் சேர்ந்த பொற்றொக்கையார் என்பவரின் சேவகன். எருமை மந்தையைக் காக்கும் சண்டையில் மாண்டான். அவ்வளவுதான் அவனுடைய வரலாறு.

ஆனால், கல்லில் அவன் தனியாக நிற்கவில்லை. பக்கத்தில் ஒரு நாய் நிற்கிறது!

நாயைச் செதுக்கியதோடு விடவில்லை. அதற்காகத் தனியே ஒரு வாசகமும் வெட்டியிருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன். கள்வர் இருவரை அது கடித்துக் காத்து நின்றது என்பது அந்த வாசகத்தின் செய்தி.

யார் இதை எழுதச் சொன்னார்கள்? நேரில் பார்த்தவர்கள்தான் சொல்லியிருக்க வேண்டும். மற்றவர்கள் வந்து சேர்ந்தபோது கருந்தேவக்கத்தி விழுந்து கிடந்திருப்பான். நாய் அவனை விட்டு நகராமல் நின்றிருக்கும். அந்தக் காட்சி அவர்கள் மனத்தை உலுக்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால், கல்லில் ஒவ்வொரு எழுத்தையும் உளியால் வெட்ட வேண்டிய காலத்தில், ஒரு நாய்க்காக அத்தனை எழுத்துக்களைச் செலவிட்டிருப்பார்களா?

இன்னொரு வேடிக்கை. அதே மகேந்திரவர்மன் "மத்தவிலாசம்" என்ற நகைச்சுவை நாடகம் எழுதியவன். காஞ்சி நகரத் தெருவில் ஒரு கபாலிகனின் மண்டை ஓட்டுப் பாத்திரம் காணாமல் போகிறது. அதை எடுத்துக்கொண்டு போனது ஒரு நாய்! ராஜாவின் நாடகத்தில் நாய் சிரிப்புக்காக வருகிறது. ராஜாவின் ராஜ்யத்து மூலையில், எருமை மேய்த்தவர்களின் கல்லில், நாய் வீரனாக நிற்கிறது. அந்த நாடக நாய்க்குப் பெயர் இல்லை. எடுத்தனூர் நாய்க்குப் பெயர் உண்டு.

கோழிக்குக்கூடக் கல் நட்ட நாடு இது. விழுப்புரம் அருகே அரசலாபுரத்தில், சண்டையிட்ட சேவல் ஒன்றுக்கு எடுத்த கல் கிடைத்திருக்கிறது. கூட இருந்து போராடிய உயிர் எதுவானாலும், அதற்கும் ஒரு கல் உண்டு என்பது அந்தக் காலத்தாரின் நியாயம்.

பொன் வேண்டாம், நாய் போதும்!

கோவிவன் மந்தை காத்த நாய். வேட்டைக்குத் துணையாகப் போய் மாண்ட நாய் ஒன்றின் கல்லும் இருக்கிறது. அது நிற்க வைக்கப்பட்ட ஊர் கர்நாடகத்தில், மண்டியா மாவட்டத்து ஆதகூர். கதை தொடங்குவதோ பழைய வட ஆற்காடு ஜில்லாவில், அரக்கோணம் அருகே உள்ள தக்கோலத்தில்.

ஆண்டு 949. சோழ இளவரசன் இராஜாதித்தனுக்கும், இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனுக்கும் தக்கோலத்தில் பெரும் போர் நடந்தது. கிருஷ்ணன் பக்கம் கங்க மன்னன் பூதுகன் நின்றான். யானை மீது இருந்த இராஜாதித்தனைப் பூதுகன் கொன்றான். சோழர் படை தோற்றது. தொண்டை மண்டலம் கைமாறியது. "யானைமேல் துஞ்சின தேவர்" என்று இராஜாதித்தனைச் சோழர் கல்வெட்டுகள் பின்னாளில் குறித்தன.

அந்தப் போரில் பூதுகனின் வீரன் மணலேரன் என்பவன் அபாரமாகச் சண்டையிட்டான். பூதுகனுக்கு மிகவும் சந்தோஷம். "உனக்கு என்ன வேண்டும், கேள்" என்றான்.

ஊரைக் கேட்டிருக்கலாம். பொன்னைக் கேட்டிருக்கலாம். மணலேரன் கேட்டது ஒரு நாயை! மன்னனிடம் இருந்த காளி என்ற வேட்டை நாய் வேண்டும் என்றான். மன்னனும் கொடுத்தான்.

காளியைக் கூட்டிக்கொண்டு மணலேரன் ஊர் திரும்பினான். பிறகு ஒரு நாள், பக்கத்துக் குன்றில் பெரிய காட்டுப் பன்றி ஒன்றின் மேல் காளியை ஏவினார்கள். பன்றி வேட்டை மற்ற வேட்டையைப் போன்றது அல்ல. மான் ஓடும், பன்றி நின்று திருப்பித் தாக்கும். கீழிருந்து மேலே கிழிக்கும் கோரைப் பற்கள் அதற்கு. நாய்தான் முதலில் நெருங்க வேண்டும். பன்றியை ஓடவிடாமல் மறித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஈட்டிக்காரன் வந்து சேரும் வரை அது தாங்க வேண்டும். காளி பிடித்த பிடியை விடவில்லை. பன்றியும் செத்தது, காளியும் செத்தது.

ஆதகூர்க் கோயிலின் முன்னால் காளிக்குக் கல் நட்டார்கள். நாயும் பன்றியும் கட்டிப் புரளும் காட்சி அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. கல்லுக்குப் பூசை செய்வதற்காக நிலமும் விட்டார்கள். அந்தக் கல்லைப் பூசிக்காமல் பூசாரி உணவு உண்டால் பாவம் சேரும் என்றும் எழுதி வைத்தார்கள். தக்கோலப் போரில் யார் யாரைக் கொன்றார் என்ற வரலாறும் அதே கல்லில் இருக்கிறது. சோழர் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தக் கல்வெட்டை விட்டுவிட்டு எழுத முடியாது. ஒரு நாயின் நினைவுக்காக வெட்டிய கல், ஒரு சாம்ராஜ்யத்தின் தோல்விக்குச் சாட்சியாகிவிட்டது! இன்று அது பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நிலம் எதற்கு? கல்லை நட்டுவிட்டால் போதாது. நாள்தோறும் ஒருவர் வந்து நிற்க வேண்டும். தான் இருக்கும் வரை தான் வந்து நிற்கலாம். தனக்குப் பிறகும் காளியை ஒருவர் நினைக்க வேண்டுமே என்ற கவலைதான் அந்த ஏற்பாட்டில் தெரிகிறது.

ஆசிரமத்தில் ஒரு வரிசை

காலம் மாறியது. ஆனால், திருவண்ணாமலை மண்ணின் குணம் மாறவில்லை. கிரிவலப் பாதையில் ரமணாசிரமத்துக்குள் போகிறவர்கள், அங்கே சில சிறிய சமாதிகளைப் பார்க்கலாம். பசு லட்சுமி, மான் வள்ளி, ஒரு காகம், ஜாக்கி என்ற நாய் ஆகியவற்றின் சமாதிகள் அவை. லட்சுமி மறைந்தது 1948-ஆம் ஆண்டு ஜூன் 18-ந் தேதி.

ரமண மகரிஷி 1896-ல் திருவண்ணாமலைக்கு வந்தவர்; 1950-ல் மறையும் வரை இந்த மலையை விட்டு நீங்காதவர். மிருகங்களை "அது" என்று சொல்லும் பழக்கமே அவருக்கு இல்லை. "அவன்", "அவள்" என்றுதான் சொல்வார். நாய்களைப் "பசங்கள்" என்பார். பசங்களுக்குச் சோறு ஆயிற்றா என்று விசாரிப்பார். கமலா என்று ஒரு நாய் இருந்தது. புதிதாக வந்தவர்களை அழைத்துக்கொண்டு போய் மலையைச் சுற்றிக் காட்டி வரும்படி அதனிடம் சொல்வாராம். கமலாவும் ஒவ்வொரு தீர்த்தத்துக்கும் சந்நிதிக்கும் அவர்களை அழைத்துக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுமாம்.

எடுத்தனூர் மந்தைக்காரர்களுக்கும் ஆசிரமத்து மகரிஷிக்கும் இடையே பதின்மூன்று நூற்றாண்டுகள் இருக்கின்றன. அவர்கள் சண்டைக்காரர்கள், இவர் முனிவர். ஆனாலும், கூட நடந்த உயிருக்குப் பெயர் சொல்லி அடையாளம் வைக்க வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றே.

அண்ணாமலையார் கொடுக்கும் திதி

மனிதருக்கு மனிதர் செய்வது ஒரு புறம் இருக்கட்டும். இந்த ஊரில் சாமியே திதி கொடுக்கிறது!

ஹொய்சள மன்னன் மூன்றாம் வல்லாளன் திருவண்ணாமலையைத் தலைநகராகக் கொண்டு சில காலம் ஆண்டான். பெரிய கோயிலில் வல்லாள மகாராஜா கோபுரம் இன்றும் அவன் பெயரைச் சொல்கிறது. முதிய வயதில் மதுரை சுல்தானோடு போரிட்டபோது பிடிபட்டுக் கொல்லப்பட்டான். அது 1342-ஆம் ஆண்டை ஒட்டி நடந்தது. வல்லாளனுக்குப் பிள்ளை இல்லை என்றும், அண்ணாமலையாரே பிள்ளையாக வந்தார் என்றும் தலபுராணக் கதை சொல்கிறது. பிள்ளை ஆனபடியால் பிள்ளையின் கடமையைச் செய்ய வேண்டுமே! ஆண்டுதோறும் மாசி மாதத்தில் அண்ணாமலையார், ஊருக்கு வெளியே பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி, வல்லாள மகாராஜாவுக்குத் திதி கொடுக்கும் நிகழ்ச்சி நடக்கிறது. கூட்டம் கூட்டமாக ஜனங்கள் போய்ப் பார்க்கிறார்கள்.

வல்லாளனை நினைக்கக் கோயில் இருக்கிறது, உற்சவம் இருக்கிறது. கருந்தேவக்கத்தியை நினைக்க ஒரு கல் மட்டுமே இருக்கிறது.

இன்று கற்களின் கதி

அந்தக் கற்கள் இன்று எப்படி இருக்கின்றன? இந்தக் கேள்விக்குச் சந்தோஷமான பதில் பாதி. வருத்தமான பதில் பாதி.

மக்கள் கும்பிட்ட கற்கள் பிழைத்தன. வேடியப்பன் என்று பொங்கல் வைத்ததால்தான் அவற்றை யாரும் அசைக்கத் துணியவில்லை. கல்வெட்டுப் படிக்கத் தெரியாத பக்தர்கள்தான் பல நூற்றாண்டுகள் அவற்றுக்குக் காவலர்களாக இருந்தார்கள். அதே சமயம், ஆண்டுக்கு ஆண்டு பூசிய சுண்ணாம்பும் எண்ணெயும் வர்ணமும் எழுத்துக்களை மூடிவிட்டன. தெய்வம் நிலைத்தது, பெயர் மறைந்தது.

கும்பிடாத கற்களின் கதி இன்னும் மோசம். நிலத்தைச் சமன் செய்யும்போது புரட்டிப் போடப்பட்டவை உண்டு. துணி துவைக்கும் கல்லாகவும், வாய்க்கால் மீது போடும் பலகையாகவும் போனவை உண்டு. சாலையை அகலப்படுத்தும்போது மண்ணுக்குள் போனவையும் உண்டு. ஒரு கல் உடைந்தால் ஒரு மனிதனின் பெயர் உலகத்திலிருந்தே அழிந்துபோகிறது. அவனுக்கு வேறு சாட்சி கிடையாது. ஓலையிலும் இல்லை, செப்பேட்டிலும் இல்லை.

வேட்டைக்காரன் வாழ்ந்த உலகமும் போய்விட்டது. 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்துவிட்டது. செங்கம் நடுகற்கள் நூலாக வந்ததும் அதே ஆண்டில்தான்! ஜவ்வாது மலைக் காடுகளில் மிருகங்கள் பிழைக்க அந்தச் சட்டம் தேவைதான். அதில் சந்தேகம் இல்லை. வில்லும் ஈட்டியும் நாயும் இரவு நெருப்பும் சேர்ந்த அந்தப் பழைய தோழமையை இனிக் கற்களில்தான் பார்க்க முடியும். ஆகையால், அந்தக் கற்கள் முன்பைவிட இப்போது அதிக மதிப்புள்ளவை.

செய்ய வேண்டியது என்ன?

பெரிய காரியம் எதுவும் வேண்டாம். ஊர்ப் பக்கம் போகும்போது இப்படி ஒரு கல் கண்ணில் பட்டால், அதை நகர்த்தக் கூடாது. சுரண்டக் கூடாது. எழுத்து இருப்பதாகத் தெரிந்தால், வட்டாட்சியருக்கோ தொல்லியல் துறைக்கோ ஒரு கடிதம் எழுதலாம். பள்ளிக்கூட வாத்தியார்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்க் காட்டலாம். பூசை நடக்கிற கல்லானால், பூசையைத் தடுக்க வேண்டியது இல்லை. எழுத்தின் மேல் வர்ணம் பூசாமல் பார்த்துக்கொள்ளும்படி பூசாரியிடம் பக்குவமாகச் சொன்னால் போதும்.

எந்த ஊரிலும் முதியவர்களிடம், அந்தக் கல் யாருடையது என்று கேட்டுப் பார்ப்பதும் நல்லது. சில சமயம் ஒரு கதை கிடைக்கும். அந்தக் கதையை எழுதி வைத்தால், அதுவும் ஒரு கல் நட்டதற்குச் சமம்.

கருந்தேவக்கத்தி ராஜா இல்லை. புலவனும் இல்லை. எருமை மந்தையைக் காத்து உயிர் விட்ட ஒரு சேவகன். அவனைப் பற்றி நாம் அறிந்தது சில சொற்கள்தான். ஆனால், அந்தச் சில சொற்களோடு அவனுடைய நாயின் பெயரும் சேர்ந்திருக்கிறது. இறந்தவனோடு இருந்தது யார் என்பதையும் மறக்காமல் எழுதி வைத்த அந்தப் பெயர் தெரியாத மனிதர்கள், நல்ல நண்பர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும்.